காரீயம் உருகும்போது தோன்றும் நிறங்கள்

உதகையின் மூடுபனி மாதங்களில் தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள், கட்டியையும் அச்சையும் கரண்டியையும் முதலில் சூடுகாட்டி நன்றாக உலர்த்த வேண்டும். உருகிய ஈயத்தினடியில் ஒரு துளி ஈரம் சிக்கினாலும் அது நீராவியாகி வெடித்துச் சிதறும். குளிருக்குப் பயந்து சன்னலைச் சாத்தக் கூடாது.

தூய காரீயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகும். மேலே படிந்த சாம்பல்நிற ஆடையை வழித்தெடுத்ததும் வெள்ளிபோல் மின்னும் பரப்பு, சூடு ஏற ஏறப் பொன்மஞ்சளாகவும் ஊதாவாகவும் நீலமாகவும் மாறுவதைக் கண்டு கலப்படம் என்று ஐயுற வேண்டாம். மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி பட்டுத் தோன்றும் நிறங்களே அவை. வெள்ளீயம் கலந்த உலோகத்தில் இவை அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதால், தூய்மைக்கு ஓரளவு அடையாளமாகவும் கொள்ளலாம். வார்த்த குண்டே நீலம் பாய்ந்திருந்தால் அடுப்பைத் தணிக்கவும். வழித்தெடுத்த கசடு நஞ்சு. அதைக் குழந்தைகளுக்கு எட்டாமல் மூடி வைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே தேநீர்க் குவளையைத் தொடவும்.