துத்தநாகத்துக்கு வெள்ளியின் கதையைச் சொல்லாதீர்கள்

இலைச்சாற்றில் உலோக உப்பைக் கலந்து நானோ துகள் செய்வது பெரிய வித்தை இல்லை. செய்தது என்ன என்று எழுதும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள்.

"சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் துத்தநாக அயனியை ஒடுக்கி துத்தநாக ஆக்சைடாக்கின" என்ற வரியை ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கலாம் (பாலிஃபீனால் என்பது தாவரங்களில் உள்ள ஒரு வகைச் சேர்மம்; ஒடுக்குவது என்றால் எலக்ட்ரான் கொடுப்பது). வெள்ளித் துகளுக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியது அந்த வரி. வெள்ளி அயனி எலக்ட்ரான் பெற்று உலோகமாகிறது, சரி. துத்தநாகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணோ உப்பிலும் +2, ஆக்சைடிலும் +2; அதாவது அது எலக்ட்ரான் எதுவும் பெறவில்லை. அப்புறம் ஒடுக்கம் எங்கே நடந்தது? அயனி காரத்தில் ஹைட்ராக்சைடாகப் படிந்து, சூட்டில் நீரை இழந்து ஆக்சைடாகிறது. சாறு அயனியைப் பற்றிக்கொள்ளும், வளரும் துகளின் மேல் ஒட்டி அதன் வடிவத்தை மாற்றும்; அவ்வளவுதான். 370 நானோமீட்டர் அருகே வரும் ஒளி உறிஞ்சலுக்குப் 'பிளாஸ்மான்' (உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஒளியில் ஒன்றாக அலைவது) என்று பெயர் வைப்பதும் இதே பழக்கம்தான். துத்தநாக ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. அந்த உறிஞ்சல் அதன் ஆற்றல் இடைவெளியால், அதாவது எலக்ட்ரான் மேல் நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றலால், வருவது.

இன்னொரு வேடிக்கை. பொடியை 500 டிகிரி செல்சியஸ் உலையில் சுடுவார்கள், பிறகு மூலிகைப் பூச்சுதான் கிருமியைக் கொன்றது என்பார்கள். அந்தச் சூட்டில் சாற்றின் கரிமப் பொருள்கள் பெரும்பாலும் எரிந்துபோயிருக்கும்.

எக்ஸ்கதிர் விளிம்பு விளைவுக் கோட்டின் அகலத்திலிருந்து கணக்கிடும் ஷெரர் சமன்பாடு தருவது படிகத்தின் அளவு. துகளின் அளவாக அதைக் காட்டக் கூடாது. ஒரு துகளில் பல படிகங்கள் இருக்கலாம். துகளைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

மருத்துவப் பயனைச் சோதிக்கும் இடத்தில்தான் உண்மையான ஆபத்து. துத்தநாக ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அயனியை விடும், அமிலத்தில் இன்னும் வேகமாக. செல்லைக் கொன்றது துகளா, அயனியா? அதே அளவு துத்தநாகம் உள்ள உப்பைத் தனியாகவும், சாற்றைத் தனியாகவும் வைத்துப் பார்க்காமல் பதில் கிடைக்காது. செல் உயிரோடிருக்கிறதா என்று சாயத்தின் நிற மாற்றத்தை வைத்துப் பார்க்கும் எம்டிடி சோதனை இன்னும் வம்பு. மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவது உயிருள்ள செல்லின் வேலை என்று நம்பித்தான் அதைச் செய்கிறோம். ஆனால் சாற்றின் ஆன்டிஆக்சிடன்ட்கள் செல் இல்லாமலேயே அதை ஊதாவாக்கிவிடும். செல் செத்த பிறகும் பிழைத்திருப்பதுபோலக் கணக்கு வரும். துகள்களும் ஒளியைச் சிதறடித்து அளவைக் கெடுக்கும். சோதனைத் தட்டில் செல்லே இல்லாத நாலு குழிகளில் துகளையும் சாயத்தையும் மட்டும் ஊற்றி வைத்தால் இது அன்றே தெரிந்துவிடும்.