வால்வ் கவர் ஸ்பேசர் வெட்டும் முன் களிமண் வையுங்கள்

ரோலர் ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும், உருளை வைத்த நெம்புகோல்) மாட்டிய பழைய செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் V8 எஞ்சினில், ராக்கர்களை மூடும் வால்வ் கவர் அவற்றில் இடித்தால், உடனே கவரை உயர்த்தும் ஸ்பேசர் வெட்டக் கொடுக்காதீர்கள். ராக்கர்கள் மேல் எண்ணெய் தடவிய பொம்மைக் களிமண்ணை அப்பி, நான்கு போல்ட் துளைகளிலும் ஒரே உயரத்துக்கு வாஷர் அடுக்கி, கவரைப் பொருத்தி, கிராங்க்கை (எஞ்சினின் முதன்மைத் தண்டை) கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள்.

இரண்டு சுற்றுக்குள் எல்லா ராக்கரும் உச்சிக்கு வந்துவிடும். வாஷர் உயரத்திலிருந்து களிமண் மிக மெல்லிதாக நசுங்கிய இடத்தின் தடிமனைக் கழித்து, இடைவெளிக்காக 2 மி.மீ. கூட்டினால், கவரை உயர்த்த வேண்டிய அளவு கிடைக்கும். பல நேரம் 8 மி.மீ. தடித்த கார்க் கேஸ்கெட்டே (கவருக்கு அடியில் வைக்கும் கசிவுத் தடுப்புப் பட்டை) போதும், மில்லிங் கூலி மிச்சம். கவருக்குள் எண்ணெய் தெறிப்பைத் தடுக்கும் பேஃபிள் தகடு மட்டும் தட்டுகிறதென்றால் அதை வளைத்தாலே சரி.

களிமண் கவரின் பக்கச் சுவரில் நசுங்கியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அகலமான கவர்தான் வேண்டும்.