ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு

படிவத்தில் எட்டுக் கேள்விகளுக்கு விடை இருக்கும். ஒன்பதாவது மட்டும் வெறுமையாக இருக்கும். அல்லது ஒரு கட்டத்தில் டிக் போட்டு, தாள் கிழிகிற அளவுக்கு அதை அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்துக்கு மாறியிருப்பார்கள். பொது மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் மனச்சோர்வு நோயாளிகளைப் பின்தொடரும் செவிலியர் நான். பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று பதவிக்குப் பெயர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் அந்த அடித்தலைத்தான் காட்டுவேன்.

படிவத்தின் பெயர் பிஎச்கியூ-9. கடந்த 2 வாரங்களில் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது ஒன்பதாவது. மொத்த மதிப்பெண் குறைவுதானே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். இங்கே 1 இருந்தாலும், விடை எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தாலும், அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு நேரில் கேளுங்கள்.

கேட்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லையே?" என்றால், இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவதாகத்தான் பொருள். நான் இப்படிக் கேட்பேன்: "இவ்வளவு பாரம் சுமக்கிறவர்களுக்குச் சாகலாம் என்ற எண்ணம் வருவதுண்டு. உங்களுக்கு வந்ததா?" வந்தது என்றால், எப்படி என்று யோசித்தாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றாரா, இன்றிரவைக் கடத்த முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டதுமே தோள் தளர்ந்து மூச்சு விடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். திட்டமும் தீர்மானமும் இருக்கிறதென்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மருத்துவரை அந்த அறைக்கே கூப்பிடுங்கள். அவசரப் பிரிவுக்கு ஆள் துணையோடு அனுப்புங்கள். இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், மீதியைப் பிறகு படிக்கலாம். இப்போதே பக்கத்தில் இருப்பவரிடமோ அவசர உதவி எண்ணிலோ சொல்லுங்கள்.

எண்ணம் இருந்தும் திட்டமும் தீர்மானமும் இல்லாதவர்களோடு அன்றே உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த முறையில் ஆறு பகுதிகள்: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, மனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய உறவுகள், மருத்துவ உதவி, ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்துவது. முதல் பகுதியில் அதிக நேரம் செலவிடுங்கள். "சோகமாக இருக்கும்" என்று எழுதினால் பயனில்லை. ஒரு அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு, "பாத்திரங்களைக் கழுவாமல் விளக்கை அணைத்துவிடுவேன்" என்றார். அதை அவர் சொன்னபடியே எழுதினோம். அப்படியான ஒரு வரி கிடைக்கும்வரை விடாதீர்கள். உதவி கேட்கும் உறவு என்று யார் பெயரையாவது எழுதினால், உங்கள் முன்னாலேயே அவருக்குப் போன் போடச் சொல்லுங்கள். மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். "சாக மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது நம் மனத்துக்குத்தான் ஆறுதல். நோயாளியைக் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

இனிதான் கூட்டு வேலை. மருந்தைப் பொது மருத்துவர் எழுதுகிறார். மனநல மருத்துவர் பெரும்பாலானவர்களை நேரில் பார்ப்பதில்லை. வாரம் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்து, நான் பின்தொடரும் நோயாளிகளின் பட்டியலில் தேறாதவர்களை அலசி, என்ன மாற்றலாம் என்கிறார். அதை மருத்துவரிடம் கொண்டுபோவதும், நோயாளியோடு பேசுவதும், சிறு சிறு வேலைகளால் அவரை மறுபடி நடமாட வைப்பதும் என் பங்கு. 2002-இல் வெளியான இம்பாக்ட் ஆய்வில், அமெரிக்காவின் 18 கிளினிக்குகளில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ள 1,801 பேரிடம் இந்தக் கூட்டு முறையைச் சோதித்தார்கள். 12 மாதங்களில் அறிகுறிகள் பாதியாகக் குறைந்தவர்கள் இந்த முறையில் 45 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 19. தற்கொலை எண்ணமும் குறைந்தது.

மருந்து 2 முதல் 4 வாரங்களில்தான் மெல்ல வேலை காட்டும். "ஒன்றும் ஆகவில்லை" என்று பலர் நிறுத்துவது அந்த இடைவெளியில்தான். ஆகவே முதல் அழைப்பு ஒரு வாரத்துக்குள். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் மருந்து தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று நெருக்கமாகப் பாருங்கள். 8, 10 வாரங்களாகியும் மதிப்பெண் பாதியாகவில்லை என்றால் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று இழுக்காமல் சிகிச்சையை மாற்றச் சொல்லுங்கள். எட்ட வேண்டியது 5-க்குக் கீழ்.

பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அதில் நானே சறுக்கினேன். தொடக்கத்தில் பெயர்களை அகர வரிசையில் வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு பெரியவர். ஒவ்வொரு வாரமும் அவர் பெயருக்கு வருமுன் நேரம் முடிந்துவிடும். மூன்றாம் வாரம் கூப்பிட்டபோது மாத்திரையை நிறுத்தியிருந்தார். "நீங்களும் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன், அம்மா" என்றார், குறையே இல்லாத குரலில். அன்றிரவே பட்டியலைக் கலைத்தேன். இப்போது ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்றவர்கள் முதலில். அடுத்து, பேசி அதிக நாளானவர்கள். ஒழுங்காக வந்து போகிறவர்கள் கடைசியில்.

போனை எடுக்காதவரை "வரவில்லை" என்று எழுதி மூடாதீர்கள். காலை, மதியம், மாலை என்று நேரம் மாற்றிக் கூப்பிடுங்கள். அப்போதும் இல்லையென்றால், அவர் குறித்துக் கொடுத்த உறவினரைக் கூப்பிடுங்கள். அதற்கான சம்மதத்தை முதல் நாளே, அந்த அடித்தலைப் பார்த்த அன்றே, எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும்.