ஸ்டேஷன் இல்லாத ஸ்டேஷன் ரோடு: இங்கிலாந்து கிராமத்தைப் படமெடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தின் கிராமங்களுக்குக் கேமராவோடு போகிறவர்களில் பலர், கிளம்பும் முன்பே படத்தை மனதுக்குள் எடுத்து முடித்துவிடுகிறார்கள். வைக்கோல் கூரை வீடு, சிவப்பு டெலிபோன் கூண்டு, வாசலில் ரோஜாக்கொடி. குறுக்கே ஒரு காரோ, சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியோ நின்றால் அது நகரும்வரை காத்திருப்பார்கள். முதல் தவறு இதுதான். 200 ஆண்டுகளாக அப்படியே இருக்கும் வீட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எந்த ஆண்டில் எடுத்த படம் என்று பின்னாளில் காட்டிக்கொடுக்கப்போவது அந்தக் காரும் தொட்டியும், பஸ் நிழற்குடையில் ஒட்டிய அறிவிப்பும்தான்.

அடுத்தது, வெயிலுக்குத் தவம் கிடப்பது. தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷரில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் சுமார் 15 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். குறுகலான தெருவில் பாதி நாள் நிழல்தான். மேகமூட்டத்தில் கெடுவது பெரும்பாலும் வானம். அதை ஃபிரேமுக்குள் இழுத்தால் வெள்ளைத்தாள்போல வெளுத்துப்போகும். வானத்தை வெட்டிவிட்டுச் சுவரைப் பாருங்கள். அந்தப் பக்கத்துச் சுவர்களில் செங்கல்லோடு சிக்கிமுக்கிக் கல்லும் பதித்திருப்பார்கள். மழை நின்றதும் அந்தக் கற்கள் கறுத்து மினுங்கும். வெயில் நாளில் இந்த அழகு கிடைக்காது.

கிராமங்களில் மூடிக்கிடக்கும் பழைய ரயில்பாதைகளைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, வரைபடம் பார்க்காமல் போவது. ஊரில் ஸ்டேஷன் ரோடு என்று பெயர்ப்பலகை இருக்கும், ரயில்வே பெயரில் ஒரு மதுக்கடையும் இருக்கும், ரயில் மட்டும் இருக்காது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மீது அவற்றை வைத்தும் பார்க்கலாம். அப்புறம் தெருவே வேறு மாதிரித் தெரியும். காரணமில்லாமல் முதுகு தூக்கி நிற்கும் சாலை, கீழே பாதை ஓடிய பாலமாக இருக்கும். வளைந்து போகும் புதுக் குடியிருப்பு, சரக்கு நிலையம் இருந்த இடமாக இருக்கலாம்.

ஹாம்ப்ஷரின் மியான் பள்ளத்தாக்குப் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ட்டனிலிருந்து ஃபேர்ஹாம் பக்கம் 1903-இல் திறந்தார்கள். பத்துப் பெட்டி வண்டிகள் வரும் என்று நம்பி, ஸ்டேஷன்களில் 600 அடிக்குப் பிளாட்பாரம் கட்டினார்கள். எதிர்பார்த்த கூட்டம் கடைசிவரை வரவில்லை. வெஸ்ட் மியானில் கட்டடம் போய்விட்டது. பிளாட்பாரங்கள் மட்டும் மரங்களுக்கு நடுவே கிடக்கின்றன. அங்கே போய்ப் பாசி படிந்த விளிம்பை மட்டும் குளோசப்பில் எடுத்துத் திரும்பினால், அது எந்த ஊர்ச் சுவராகவும் இருக்கலாம். சொல்ல வேண்டிய விஷயம் அந்த அபத்தமான நீளம். விளிம்பை ஒட்டிக் கேமராவைத் தாழ்த்திப் பிடியுங்கள். மறுகோடியில் நாயோடு யாராவது நடந்து வரும்வரை பொறுத்திருங்கள். ஆள் எறும்பளவு தெரிந்தால்தான் 600 அடி உறைக்கும்.

இதை ஜூலையில் முயன்றால் பலிக்காது. முட்புதரும், தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியும் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை, இலை இல்லாத காலம்தான் சரி.

இன்னொன்று, பாதையின் நட்டநடுவில் நின்று, இரு பக்கமும் மரம், நடுவில் புள்ளியாக முடியும் கோடு என்று எடுப்பது. இப்படி ஒரு படம் போதும். பத்து எடுத்தால் பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். கரைமேட்டை விட்டு இறங்கி, பொதுப்பாதை செல்லும் வயலிலிருந்து பாருங்கள். ரயில்காரர்கள் நிலத்தை எவ்வளவு உயர்த்தினார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும்.

கைவிட்ட பாதைதானே என்று வேலி தாண்டுவது கூடவே கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரர் இருப்பார். பழைய சுரங்கங்களில் வௌவால்கள் தங்கும். அவற்றுக்குத் தொந்தரவு கொடுப்பது சட்டப்படி குற்றம். 1944 ஜூனில், நார்மண்டி படையிறக்கத்துக்குச் சில நாட்கள் முன்பு, சர்ச்சிலின் சிறப்பு ரயில் நின்ற, அதே மியான் பாதையின் டிராக்ஸ்ஃபோர்ட் ஸ்டேஷன் இன்று தனியார் வீடு. பொது இடத்தில் நின்றபடி வீட்டையோ தெருவையோ எடுக்க யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் ஜன்னலை நோக்கி நீண்ட லென்ஸைத் திருப்பினால் ஊரே உங்களைச் சந்தேகமாகப் பார்க்கும். எதிரே வருகிறவரிடம் ஒரு 'மார்னிங்' சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. நடைபாதையாக மாறிய தடங்கள் பலவற்றில் குதிரைகளும் வரும். குறுக்கே டிரைபாடை விரித்து வைக்காதீர்கள்.

பாலம் எங்கே போய்விடப்போகிறது என்று தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவில், மூடிய ரயில்பாதைமீது நிற்கும் கிரேட் மஸ்கிரேவ் பாலத்தின் வளைவை 2021-இல் கான்கிரீட் ஊற்றி அடைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2023-இல்தான் அதை அகற்றினார்கள். எல்லாப் பாலத்துக்கும் அந்த யோகம் வாய்க்காது.

கடைசியாகப் படக்குறிப்பு. 'பழைய பாலம், இங்கிலாந்து' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ஊர், தேதி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்ற மூன்றும் குறைந்தபட்சம் வேண்டும். மூடிய பாதை எதைப் பார்த்தாலும் 'பீச்சிங் அறிக்கையால் மூடப்பட்டது' என்று போடுவதும் ஒரு தொற்றுநோய். நட்டத்தில் ஓடிய ரயில்பாதைகளை மூடச் சொன்ன அந்த அறிக்கை வந்தது 1963 மார்ச்சில். மியான் பாதையில் பயணிகள் ரயில் 1955 பிப்ரவரியிலேயே நின்றுவிட்டது.