சளிப் பாணி: போத்தல் இரண்டு, மருந்து ஒன்று

ஒக்டோபர் மழை தொடங்கினால் வெள்ளவத்தையில் எங்கள் பாமசிக்கு முதல் பிள்ளைக்காரர்களின் வரவு கூடிவிடும். தோளில் பிள்ளை, கையில் போன், போனில் மச்சாள் அனுப்பிய சிரப் பெட்டியின் படம். "இதையே தாங்கோ அண்ணா, எவ்வளவு குடுக்கிறதெண்டு தெரியும்." தெரியும் என்பவர்களிடம்தான் நான் கூடுதலாகக் கேள்வி கேட்பேன். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள், காலாவதித் திகதி பாருங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விடுவோம். சளிச் சிரப் கொடுக்கும்போது நான் காணும் மற்றப் பிழைகள் இவை.

மில்லிலீற்றரை மனப்பாடம் செய்வது

"போன முறையும் 5 மில்லிதான்." சரி, போன முறை எந்தப் போத்தல்? சளியை இளக்கும் அம்ப்ரொக்சோல் சிரப் 5 மில்லிலீற்றரில் 15 மில்லிகிராமாகவும் வருகிறது, 30 ஆகவும் வருகிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் சில, 1 மில்லிலீற்றரிலேயே 7.5 மில்லிகிராம் உள்ளவை. குழந்தை மருந்துதானே, வீரியம் குறைவாகத்தான் இருக்கும் என்று அதில் 5 மில்லி ஊற்றினால் உள்ளே போவது 37.5 மில்லிகிராம்.

இரண்டு போத்தல்

கொழும்பில் பிள்ளைக்கு இருமல் என்றால் பலரும் முதலில் போவது பக்கத்து டிஸ்பென்சரிக்கு. டொக்டர் அங்கேயே பாணியைச் சின்னப் போத்தலில் ஊற்றித் தருவார். ஒட்டியிருக்கும் தாளில் பிள்ளையின் பெயரும் "1 தேக்கரண்டி, 3 வேளை" என்பதும் இருக்கும். மருந்தின் பெயர் பல இடங்களில் இருக்காது. இரண்டு நாளில் இருமல் நிற்கவில்லை என்றதும் பாமசியில் இன்னொரு சிரப். பழையதையும் நிறுத்தமாட்டார்கள், காசு கொடுத்ததாயிற்றே.

அப்படி வந்தவர்தான் அந்தத் தாய். மகனுக்கு மூன்று வயது. "இரவு முழுக்க நித்திரை இல்லை அண்ணா. கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது. சளி கூடிட்டுதோ?" இதைவிடப் பலமான சிரப் வேண்டுமாம். கொடுத்துக்கொண்டிருப்பதைக் காட்டச் சொன்னேன். கைப்பையிலிருந்து இரண்டு போத்தல் வெளியே வந்தது. ஒன்று வேறொரு கடையில் வாங்கிய கலவைச் சிரப்: அம்ப்ரொக்சோல், அதுபோலச் சளியை இளக்கும் குவைஃபெனசின், சல்பியூட்டமோல். மற்றதில் பெயரே இல்லை. டிஸ்பென்சரிக்குப் போன் எடுத்துக் கேட்டால், புரோம்ஹெக்சினும் சல்பியூட்டமோலும்.

நடுக்கம் சளியால் வந்ததல்ல. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் இரண்டு பக்கத்தாலும் போயிருக்கிறது. அது கூடினால் கை நடுங்கும், இதயம் ஓடும், இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். மற்றப் பாதியும் அதே கதைதான்: புரோம்ஹெக்சின் உடம்புக்குள் போய் அம்ப்ரொக்சோலாகவும் மாறுகிறது. "இரண்டையும் நிப்பாட்டுங்கோ தங்கச்சி, போத்தல்களோட இப்பவே லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று அனுப்பினேன். பிள்ளை தப்பிவிட்டது.

எனக்கு இன்னும் எரிகிறது. சிரப் விற்ற கடையில் "வேற ஏதும் குடுக்கிறீங்களோ?" என்று ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்தத் தாளில் மருந்தின் பெயரை எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவர்கள் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பெயரும் மில்லிகிராமும் எழுதித் தரச் சொல்வது டொக்டருக்கு மரியாதைக் குறைவல்ல. எழுதித் தரவில்லையா, அந்தப் போத்தலோடு வேறு எந்தச் சிரப்பையும் சேர்க்காதீர்கள்.

நித்திரைக்காக ஒரு மூடி

கூடவே கூடாது. நித்திரை வரவைக்கும் ஒவ்வாமை மருந்தான புரோமெதசின் 2 வயதுக்குக் கீழ் மூச்சையே அடக்கிவிடலாம்.

"சின்னப் பிள்ளைதானே, அரைவாசி குடுப்பம்"

வயதைப் பாதியாக்கி அளவையும் பாதியாக்கும் கணக்கு மருந்தில் செல்லாது. குவைஃபெனசின் சிரப்பை அமெரிக்காவில் 4 வயதுக்குக் கீழ் கொடுக்க வேண்டாம் என்று பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். பிரித்தானியாவில் 2009 முதல் அந்த எல்லை 6 வயது. அதற்குக் கீழ் என்றால் டொக்டர் சொல்லட்டும். சாதாரணத் தடிமன் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். சிரப்பால் அது பெரிதாகக் குறைவதும் இல்லை. இளஞ்சூட்டில் தண்ணீர் கொடுங்கள். தேன் 1 வயது முடிந்த பிறகு.

பெட்டியை எறிவது

எறியாதீர்கள். 2022இல் காம்பியாவில் நச்சு கலந்த சிரப்புகள் பிள்ளைகளைக் கொன்றன. அப்படி ஒன்றைத் திரும்பப் பெறும் அறிவித்தல் வந்தால் தேட வேண்டிய தொகுதி இலக்கம் பெட்டியில்தான் இருக்கிறது.

சிரப்பை நம்பிக் காத்திருப்பது

1 முதல் 5 வயதுப் பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், 2 மாதம் முதல் 1 வயது வரை 50 என்றால், உடனே ஆஸ்பத்திரி. நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால் எண்ணிக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்சுக்குப் போன் அடியுங்கள். எண்ணும்போது பிள்ளை அழாமல் இருக்க வேண்டும், முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.