மலையில் பழைய பெட்ரோல் டிராக்டர்: எரிபொருளில் செய்யக் கூடாத தவறுகள்

நீலகிரியின் கேத்தியில் எங்கள் கொட்டகையில் சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20 ஒன்று நிற்கிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரான ரகம். கேரட் தோட்டத்துக்கு எரு இழுக்க இன்றும் அதுதான். வயதானதால் அது படுத்ததில்லை, பெட்ரோலால்தான் படுத்திருக்கிறது.

போன ஜனவரியில் ஒரு காலை. இரவெல்லாம் உறைபனி விழுந்து புல் வெளுத்துக் கிடந்தது. என்ன செய்தும் இன்ஜின் பிடிக்கவில்லை. டேங்குக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் டார்ச் அடித்தேன். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கலங்கலான நீர், அதன் மேல் தெளிந்த பெட்ரோல். கிண்ணத்தை அசைத்தால் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியே ஆடின.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவு வரை அந்த நீர் பெட்ரோலோடு கலந்தே நிற்கும். அளவு மீறினாலோ குளிர் கூடினாலோ நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். பகலில் வெயில், இரவில் உறைபனி என்றிருக்கும் நம் ஊரில் அரை டேங்க் பெட்ரோலோடு வண்டியை நிறுத்துவதுதான் முதல் தவறு. மேலே காலியாக இருக்கும் இடத்துக்குள் ஈரக்காற்று புகுந்து, இரவில் தகரத்தில் வேர்த்து இறங்கும்.

வாரம் ஒருமுறையாவது ஓட்டுவீர்களா? அப்படியானால் டேங்கை நிறைத்தே வையுங்கள். ஜூன் மழை தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஓடாது என்றால் முழுக்க வடித்துவிடுங்கள். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரும் காலியாகும். அப்புறம் டேங்கின் உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயிலைச் சுழற்றி விடுங்கள். இல்லாவிட்டால் வெறும் டேங்க் துருப்பிடிக்கும்.

ஆக்டேனும் (அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) விலையும் கூடிய பெட்ரோல் பழைய இன்ஜினுக்கு நல்லது என்று நினைப்பது அடுத்த தவறு. சிலிண்டருக்குள் கலவை எவ்வளவு அமுங்குகிறது என்பதைச் சொல்லும் அமுக்க விகிதம் இந்த இன்ஜினில் ஏறக்குறைய 6-க்கு 1தான். குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்காகவே செய்தது. பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலே தாராளம். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தேவை இன்னும் குறையும். அந்தக் காசுக்கு எத்தனால் தாங்கும் புது ஹோஸ் வாங்குங்கள். பழைய ரப்பரும் கார்க்கும் எத்தனாலில் ஊறி இளகிவிடும்.

எத்தனால் பெட்ரோல் ஊற்றியதும் ஜெட்டை, அதாவது கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையை, பெரிதாக்கச் சொல்வார்கள். சமவெளியில் அது சரி, எத்தனாலுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். மலையிலோ மெலிந்த காற்றால் கலவையில் ஏற்கெனவே பெட்ரோல் கூடுதலாகத்தான் இருக்கும். ஒன்றின் குறையை மற்றது பெரும்பாலும் நிரப்பிவிடும். எனவே ஜெட்டில் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் ஜெட்டை அப்படியே விடுங்கள்.

மண்ணெண்ணெய் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். டிஇ20-இல் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடிய மாடலும் உண்டு. அதைக் கேள்விப்பட்டு பெட்ரோல் மாடலில் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாடலைக்கூட பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மாற்ற வேண்டும். நம் குளிரில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிடும்.

சேமிப்புக்கு வருவோம். விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்கிறது 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம். ஆனால் ஒரு லிட்டருக்கு மேல் என்றால், 25 லிட்டருக்கு மிகாத, இறுக மூடிய உலோகக் கேனில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலும் எண்ணெய் கேனும் வேண்டவே வேண்டாம். கணப்பு மூட்டும் வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தொட்டுவிடும்.

மேட்டுப்பாளையத்தில் கேன் நிரப்பி மேலே கொண்டுவந்தால் கழுத்து வரை ஊற்றாதீர்கள். ஊட்டி வரை ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம். குன்னூர் தாண்டும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, கேனுக்குள்ளும் அதே அழுத்தம்தான். வீட்டுக்கு வந்ததும் வெளியில் வைத்து, மூடியைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, சீறல் நின்ற பிறகு திறவுங்கள்.