லேசரில் தமிழ் எழுத்துக் கோல அச்சு வெட்டுவது எப்படி?

சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கோல அச்சுகளில் மயில் இருக்கும், தாமரை இருக்கும், கும்பம் இருக்கும். வாசலில் "வணக்கம்" என்று பெரிதாக, திருத்தமாகப் போடத் தேடினால் கிடைப்பது அரிது. எங்கள் வட்டாரத்துப் பொதுப் பட்டறையில் லேசர் வெட்டும் இயந்திரம் இருக்கிறது. உறுப்பினர்கள் முன்பதிவு செய்து பயன்படுத்தலாம். அதில் நான் இந்த அச்சை வெட்டியதிலிருந்து பொங்கல் நெருங்கும்போதெல்லாம் யாராவது செய்முறை கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கணினியில் தமிழ் தட்டச்சு செய்யவும், இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளைத் திறக்கவும் தெரிந்தால் போதும்.

தகடு

2 மி.மீ. அக்ரிலிக் தகடு வாங்குங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் உள்ள கலைப்பொருள் கடைகளில் தேடிப் பாருங்கள். 3 மி.மீ. வேண்டாம். ஓட்டையின் சுவர் உயரமாகி, தூக்கும்போது மாவு விளிம்போடு ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டுப்பலகை ஈரம் குடித்து வளைந்துவிடும், நம் ஊர் மழைக்காலத்துக்கு அது ஆகாது.

பிவிசி தகட்டை மட்டும் லேசரில் வைக்கவே கூடாது. அதில் குளோரின் இருக்கிறது. சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அது நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் அரித்துவிடும். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத தகடு கையில் இருந்தால், பொறுப்பாளரிடம் செம்புக்கம்பிச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுவார். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தகட்டை அப்படியே ஓரம் கட்டிவிடுங்கள்.

எழுத்துரு

என் தேர்வு நோட்டோ சான்ஸ் தமிழ், தடித்த வடிவம். இலவசம், புள்ளி நிரம்பிய வட்டமாக இருக்கும், கோடுகளின் தடிமன் ஏறக்குறைய சீராக இருக்கும். தூரிகையில் எழுதியதுபோன்ற அலங்கார எழுத்துருக்கள் திரையில் அழகாகத் தெரியலாம். ஆனால் கோடு மெலியும் இடத்தில் மாவு இறங்காது. எந்த இடத்திலும் ஓட்டை 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

எழுத்தைக் கோடாக மாற்றுதல்

பட்டறைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. கோப்பை அப்படியே எடுத்துப் போனால் கட்டம் கட்டமாகத் தெரியும், இல்லையென்றால் "பொ"வின் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நிற்கும். அதனால் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். எழுத்தைத் தேர்ந்தெடுத்து "ஆப்ஜெக்ட் டு பாத்" கொடுங்கள். பிறகு குழுவைப் பிரித்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து "யூனியன்" கொடுங்கள்.

யூனியனைத் தவிர்த்துவிடாதீர்கள். பல தமிழ் எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் கறுப்பாக நிரம்பியிருப்பதால் அது நம் கண்ணுக்குப் படாது. லேசர் ஓரக்கோட்டைத்தான் பின்பற்றும் என்பதால் எழுத்தின் நடுவிலும் வெட்டிக்கொண்டு போகும்.

பாலங்கள்: நேரம் செலவிட வேண்டிய இடம்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் திணறுகிறார்கள். நானும் இங்கேதான் அதிக நேரம் செலவழித்தேன்.

"வ"வின் சுழியைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் வெற்றிடத்தைச் சுற்றிலும் கோடு. கோட்டை வெட்டி எடுத்தால் அந்த நடுத்துண்டும் சேர்ந்து விழுந்துவிடும். வாசலில் மாவைத் தூவினால் சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உருண்டைதான் விழும். க, ண, ம, ல, ள எல்லாவற்றிலும் இதே கதை. ட, ப, ய போன்ற சில எழுத்துகள்தான் திறந்தவை. உள்ளே தனித்து நிற்கும் துண்டைத் தீவு என்போம். அதை வெளித்தகட்டோடு இணைக்கும் பட்டைதான் பாலம்.

இதை எனக்கு விளக்கியவர் பட்டறையில் காகிதம் வெட்டும் ஒரு சீன அங்கிள். சீனக் காகித வெட்டுக் கலையின் அடிப்படையே எந்தத் துண்டும் தனியே விழாமல் முழுப் படமும் ஒரே தாளாக நிற்க வேண்டும் என்பதுதான். சீனப் புத்தாண்டுக்குக் கதவில் ஒட்டும் "ஃபூ" (நற்பேறு) எழுத்திலும் மூடிய கட்டங்கள் உண்டு. கத்தியை வைக்கும் முன் அவர் பென்சிலால் இணைப்புகளைக் குறித்துக்கொள்வார். நம் எழுத்துக்கும் அதேபோல் முதலில் தாளில் அச்சடித்துப் பென்சிலால் குறியுங்கள். திரையில் தவறவிடும் தீவுகள் தாளில் பளிச்சென்று தெரியும்.

பாலம் எங்கே போடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் விதிகள் இவை. அகலம் 3.5 மி.மீ. அதற்குக் குறைந்தால் கழுவும்போது ஒடியும். எல்லாப் பாலங்களும் செங்குத்தாக, ஒரே திசையில் இருக்கட்டும். அப்போதுதான் இடைவெளிகள் வேண்டுமென்றே விட்டவை என்று கண் ஏற்றுக்கொள்ளும். இருபது காசு நாணயத்தைவிடப் பெரிய தீவுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பாலம் வேண்டும், சிறியதற்கு ஒன்றே போதும்.

மிக முக்கியமான விதி: எழுத்தை அடையாளம் காட்டும் இடத்தில் பாலம் விழக் கூடாது. மூன்று சுழி "ண"வின் ஒரு வளைவு அறுந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு சுழி "ன"வாகத் தெரியும். "ழ"வின் கீழ்வளைவு அறுந்தாலும் இதே நிலைதான். பாலத்தை நீண்ட நேர்கோட்டிலோ அகன்ற வளைவின் நடுவிலோ வையுங்கள். கோடு திரும்பும் மூலையிலும், கோடும் கோடும் சேரும் இடத்திலும் வேண்டாம்.

இங்க்ஸ்கேப்பில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு செவ்வகம் வரையுங்கள். அது கோட்டின் இரு பக்கமும் சற்றே வெளியே நீண்டிருக்க வேண்டும். செவ்வகங்களையெல்லாம் யூனியன் செய்து ஒன்றாக்கிக்கொண்டு, அதையும் எழுத்தையும் தேர்ந்தெடுத்து "டிஃபரன்ஸ்" கொடுங்கள், செவ்வகம் விழும் இடம் எழுத்திலிருந்து கழிந்துவிடும். செவ்வகம் மேலே இருக்க வேண்டும். முடிந்ததும் நிரப்பிய கறுப்பைப் பாருங்கள். கறுப்பால் முழுக்கச் சூழப்பட்ட வெள்ளை எங்காவது மிச்சம் இருந்தால் அங்கே பாலம் விட்டுப்போயிருக்கிறது.

வெட்டுதல்

கோப்பில் 100 மி.மீ. சதுரம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இங்க்ஸ்கேப் 2017இல் வெளியான 0.92 பதிப்பில் அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற கணக்கை 96 ஆக மாற்றியது. பழைய கணக்கில் படிக்கும் மென்பொருளில் உங்கள் படம் அளவு மாறித் தெரியலாம். சதுரம் 100 என்று காட்டினால் மற்றதும் சரியாக இருக்கும்.

முதலில் "ண" ஒன்றை மட்டும் துண்டுத் தகட்டில் வெட்டிப் பாருங்கள். பாலம் தாங்குகிறதா, லேசர் முழுக்க ஊடுருவுகிறதா என்று தெரிந்துவிடும். வேகமும் திறனும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், பொறுப்பாளரைக் கேளுங்கள். உள்வடிவங்கள் முதலில், வெளிச்சட்டம் கடைசியில் என்ற வரிசையில் வெட்டுங்கள். சட்டம் முதலில் அறுந்தால் தகடு நகர்ந்துவிடும். இயந்திரம் ஓடும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள், அக்ரிலிக் தீப்பிடிக்கக்கூடியது.

மிஞ்சிய துண்டில் இரண்டு பட்டைகள் வெட்டி, இரு ஓரத்திலும் கைப்பிடியாக ஒட்டிவிடுங்கள். தகட்டை நேராக மேலே தூக்க அது அவசியம்.

பின்சேர்க்கை

படித்துச் செய்து பார்த்த இருவருக்குத் தகட்டின் அடியில் மாவு ஒட்டியிருக்கிறது. பாதுகாப்புத் தாளை உரித்ததும் அக்ரிலிக்கில் நிலைமின்னேற்றம் தங்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

மாவு கட்டிக் கட்டியாக விழுகிறது என்றார் ஜூரோங்கிலிருந்து ஓர் அக்கா. ஜனவரி மழை ஈரத்தில் அரிசிமாவு அப்படித்தான் ஆகும். வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி, ஆறவிட்டு, சல்லடையால் தூவுங்கள்.

எங்கள் பட்டறையில் தையல் வேலை செய்யும் மலாய் மாச்சிக் (அம்மா வயதுப் பெண்) ஒருவர் என் "வணக்கம்" தகட்டை வாங்கி, சமூக மன்றப் பொங்கலுக்குத் துணிப்பைகளில் எழுத்து அச்சிட்டுக் கொடுத்தார். துணிச் சாயத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தூரிகையால் இழுத்தால் விளிம்புக்கடியில் கசியும். பாலம் விட்ட இடைவெளிகளை மட்டும் சிறு தூரிகையால் நிரப்பிவிட்டார். அச்சு என்றே தெரியவில்லை. கோலத்திலும் அதைச் செய்யலாம், ஒரு சிட்டிகை மாவை விரலால் இழுத்தால் போதும். நான் இப்போது அப்படித்தான் முடிக்கிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதையில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவசரத்துக்கு 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும். கோலத்தால் அதற்கு இடைஞ்சல் இல்லை, பக்கத்தில் வைக்கும் குத்துவிளக்கும் பூந்தொட்டியும்தான் வழியை அடைக்கும். 56 செ.மீ. அகலத் தகடு கதவுக்கு முன்னால் அடக்கமாக உட்காரும்.